தனிச் சபையா, தனிச் செயலகமா? தீர்மானம் எழுதுமுன் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் ஊர்க்கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானம் பெரும்பாலும் ஒரே வரியில் தொடங்கும்: "எமது ஊருக்குத் தனியான பிரதேசம் வேண்டும்." கோயில் பரிபாலன சபை கூட்டினாலும் பள்ளிவாசல் நிர்வாகம் கூட்டினாலும் அதே வரிதான். கையெழுத்துச் சேரும், கடிதம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும், பிறகு கொழும்புக்கும் போகும். அந்தப் "பிரதேசம்" பிரதேச செயலகமா பிரதேச சபையா என்பதை மட்டும் கடிதம் தெளிவாகச் சொல்லாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றாவது கிடைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. நடப்பது வேறு. இரண்டும் இரண்டு சட்டம், இரண்டு வழி. எது என்று சொல்லாத கடிதம் எந்த மேசையிலும் நிற்காது.

பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். 1992 இன் 58 ஆம் இலக்கச் சட்டம், முன்பு கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் இருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளரிடம் இறக்கியது. அவர் நியமிக்கப்படுபவர், வாக்கால் வருபவர் அல்ல. காணிப் பேமிட், காணிக் கச்சேரி (காணி விசாரணை), அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்பு இறப்புப் பதிவு, வெள்ள நிவாரணம் எல்லாம் ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) ஊடாக இந்த ஒபிஸுக்குத்தான் போகின்றன.

பிரதேச சபை 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நகர சபைக்கும் மாநகர சபைக்கும் அதைவிடப் பழைய தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள். குப்பை, வடிகான், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், உள்வீதி, கட்டட வரைபட அனுமதி ஆகியவை சபையின் வேலை. குடிநீர்க் குழாய் சபையிடம் இல்லை, மின்சாரமும் இல்லை. பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. "சபை வந்தால் தண்ணி வரும்" என்று மேடையில் யாராவது சொன்னால், அங்கேயே எழும்பித் திருத்த வேண்டும்.

இரண்டின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1987 இல் சபைகளை அமைத்தபோது அன்றைய உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளையே அடிப்படையாக எடுத்தார்கள். அதன்பின் செயலகங்கள் பெருகின, சபைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்று 14 பிரதேச செயலகங்கள், 12 உள்ளூராட்சி சபைகள். கிரானில் செயலகம் இருக்கிறது, கிரானுக்கென்று சபை இல்லை. கோறளைப்பற்று மத்திக்கும் அப்படித்தான். தெற்கே, அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதுக்குச் சொந்தச் செயலகம் உண்டு. சபை என்று பார்த்தால் அது கல்முனை மாநகர சபைக்குள்.

ஆகவே முதல் வேலை ஒரு கொப்பி வாங்குவது. ஊரில் ஐம்பது வீட்டைத் தெரிந்து, ஒரு மாதத்துக்கு அந்த வீட்டார் எந்த அலுவலுக்கு எந்த ஒபிஸுக்கு எத்தனை தடவை போனார்கள், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை தடவை "நாளைக்கு வாங்க" என்று திரும்பினார்கள் என்று எழுத வேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர் ஒன்றில் இதைச் செய்தால் காணியும் நிவாரணமும் பக்கத்தை நிரப்பும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊரில் குப்பையும் வடிகானும் கட்டட அனுமதியும் மேலே வரும். கொப்பியில் எது கூடுதலாக நிற்கிறதோ, கோரிக்கையும் அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

தனிச் சபை கேட்டால்

தனிச் சபையில் ஊரின் வரி ஊருக்கே செலவாகும், சபைத் தலைவரான தவிசாளரை வீதியில் மறித்துக் கேட்கலாம். இதுதான் பெரிய வாதம், உண்மையான வாதமும்கூட. ஆனால் அந்த வரி எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இங்கே கூட்டிப் பார்ப்போம்.

சோலை வரி வீட்டின் வருடாந்தப் பெறுமதியில் ஒரு வீதம். வரிக்கு உட்பட்ட ஆதனங்கள் 3,000 என்றும், சராசரி வருடாந்தப் பெறுமதி 12,000 ரூபாய் என்றும், வீதம் 5 என்றும் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஓர் ஆதனத்துக்கு வருடம் 600 ரூபாய். மொத்தம் 18 இலட்சம். இது முழுவதும் அறவானால்தான். சனவரி 31 க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டுபவருக்கு 10 வீதம் கழிவு வேறு. நூற்றுக்கு அறுபது பேர் கட்டினால் கையில் வருவது 10 இலட்சத்து 80 ஆயிரம்.

இனிச் செலவு. குப்பை எடுக்க இரண்டு உழவு இயந்திரம். ஒன்றுக்கு நாளைக்கு 10 லீற்றர் டீசல், மாதம் 26 நாள்: இரண்டுக்கும் 520 லீற்றர், வருடத்துக்கு 6,240 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் 18 இலட்சத்து 72 ஆயிரம். முழுச் சோலை வரியும் இரண்டு மெசினின் டீசலுக்கே காணாது. ரயர், பெட்டி, சாரதி, தற்காலிகத் தொழிலாளரின் நாட்கூலி எல்லாம் இதற்கு வெளியே. நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கு மாகாணத்தின் ஊடாக மீளளிப்பு வரும். தற்காலிகமாக எடுத்தவர்களுக்குச் சபை தன் பணத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே சபையைத் தூக்கி நிறுத்துவது வீட்டு வரி அல்ல. கடைத் தொகுதி வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாணத்தின் ஊடாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் தான். நகரும் சந்தையும் எல்லைக்குள் இருக்கும் சபை தாக்குப்பிடிக்கும், வயல் மட்டும் இருக்கும் சபை மானியத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். காத்தான்குடி நகர சபையையும் பட்டிப்பளைப் பக்கத்து மண்முனை தென்மேற்குப் பிரதேச சபையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதற்குக் கடைத்தெரு உண்டு, நிலம் இல்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, குப்பை கொட்டவும் மைதானம் போடவும் இடம் தேடவேண்டும். பின்னதற்கு நிலம் கண்ணுக்கெட்டிய தூரம், சோலை வரி போடக்கூடிய கட்டடம் குறைவு.

இதனால்தான் எல்லை பிரிக்கும் பேச்சு வந்ததும் சண்டை சந்தையில் வந்து நிற்கிறது. சாய்ந்தமருதின் கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். 1987 க்கு முன் கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் தனித்தனியே இருந்தன. கரைவாகு தெற்குதான் சாய்ந்தமருது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதேச சபை ஆக்கினார்கள். 2001 இல் அது மாநகர சபையானது. "எங்களிடம் இருந்ததைத் திருப்பித் தாருங்கள்" என்பது சாய்ந்தமருது மக்களின் கேள்வி, அதில் நியாயம் இருக்கிறது. 2018 பெப்ரவரித் தேர்தலில் அந்த ஊரின் வட்டாரங்களை ஒரு சுயேச்சைக் குழு வென்று காட்டியது. 2020 பெப்ரவரி 14 இல் நகர சபை வர்த்தமானியும் வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. மீதி மாநகரம் எப்படிப் பிரியும், எந்தச் சமூகம் எந்தத் துண்டில் சிறுபான்மை ஆகும் என்று முடிவெடுக்காமல் ஒரு துண்டை மட்டும் வெட்டியதால் வந்த வினை இது. வர்த்தமானி கைக்கு வந்தாலே வேலை முடிந்தது என்று எண்ணும் ஊர்கள் இதை மறக்கக் கூடாது.

சபை கிடைத்த பின்னும் முதல் இரண்டு வருடம் கடினம். ஆதனங்களை விலை மதிப்பீட்டுத் திணைக்களம் மதிப்பிட்டுத் தர வேண்டும். உப விதிகளை நிறைவேற்ற வேண்டும், அல்லது மாதிரி உப விதிகளை ஏற்க வேண்டும். அது இல்லாமல் அறவிட்ட கட்டணத்தைக் கணக்காய்வு கேள்வி கேட்கும். பழைய சபையோடு வாகனம், ஊழியர், வங்கி வைப்பு, கடன், நிலுவை வழக்கு எல்லாவற்றையும் பங்கு போட வேண்டும். பழைய பெக்கோ இயந்திரமும் பழைய கடனும் சேர்ந்தே வரும்.

தனிச் செயலகம் கேட்டால்

காணியும் நிவாரணமும் தலையிடி என்றால் இதுதான் வழி. ஊரின் வரி வருமானம் இங்கே கேள்வியே அல்ல. சம்பளமும் செலவும் திறைசேரியில் இருந்து வருகின்றன. வயல் ஊர்களுக்கும் ஏழை ஊர்களுக்கும் இது பெரிய அனுகூலம். ஆனால் ஊரவர் இதில் யாரையும் தெரிவு செய்ய மாட்டார்கள். செயலாளர் நல்லவராக வந்தால் நல்ல காலம்.

செயலகம் என்றால் கட்டடம் அல்ல, பதவிகள். பிரதேச செயலாளர், உதவிப் பிரதேச செயலாளர், கணக்காளர், திட்டமிடலுக்குப் பொறுப்பானவர், நிருவாக உத்தியோகத்தர், காணிப் பக்கத்து உத்தியோகத்தர்கள். இதில் கணக்காளர் இல்லாவிட்டால் மற்றவர்கள் இருந்தும் பயன் குறைவு. பற்றுச்சீட்டு எழுதி, கோவையில் (பைலில்) வைத்து, வேறொரு ஒபிஸுக்குக் கொண்டுபோய், அங்கே அவர்களின் வேலை முடிந்தபின் காசோலை எழுதுவிக்க வேண்டி வரும். முழுச் செயலகமாகாத "உப அலுவலகம்" என்பதில், "உப" என்ற அந்த ஒரு சொல்லின் விலை இதுதான்.

கல்முனை வடக்கு இதற்கு உதாரணம். 1989 இல் தொடங்கிய உப அலுவலகம். 29 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். தரமுயர்த்தும் அமைச்சரவை முடிவு 1993 இலேயே இருந்தது. 2019 யூனில் தமிழ்ப் பக்கம் உண்ணாவிரதம் வரை போனபோதும் முன்வரிசைக் கோரிக்கைகளில் ஒன்று கணக்காளர் நியமனம். தரமுயர்த்தலை எதிர்க்கும் முஸ்லிம் பக்கத்தின் கவலையும் வெறும் பிடிவாதம் அல்ல. வடக்கில் இருந்து கடலோரமாக வந்தால் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. மேற்கே நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறிப் பின்னிக் கிடக்கின்றன. எங்கே கோடு கீறினாலும் நகரச் சந்தை ஒரு பக்கம் விழும், யாரோ ஒருவரின் ஊர் நடுவில் அறுபடும்.

நிதி அதிகாரம் ஒரு கேள்வி, எல்லை இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டிவைத்ததுதான் முப்பது வருடத்துக்கு மேல் இழுத்ததற்குப் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. இருக்கும் ஜீ.எஸ். பிரிவுகளுக்கு இன்று வேலை செய்யும் ஒபிஸுக்குக் கணக்காளரைக் கொடுப்பதால் ஒரு வேலிக்கட்டையும் நகராது. எல்லையை நில அளவைக்காரர்களோடும் இரு சமூகத்துப் பெரியவர்களோடும் இருந்து வேறாகப் பேசலாம். புதிதாகக் கேட்கும் ஊர்கள் இதைப் பார்த்தாவது, முதற் கடிதத்திலேயே "உப அலுவலகம் என்றாலும் போதும்" என்று எழுதாமல் இருப்பது நல்லது. கணக்காளர் பதவியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்துப் பிரிவோடு சேர்ந்துகொண்டால்

இதை யாரும் மேடையில் பேசுவதில்லை. ஆனால் இரண்டு மூன்று ஜீ.எஸ். பிரிவு மட்டும் உள்ள ஊருக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும். ஆற்றையோ வாவியையோ தாண்டி ஒபிஸ் இருந்தால், தாண்டாத பக்கத்து ஒபிஸோடு சேர்ந்துவிடுவது.

எங்கள் நிலத்தில் தூரத்தை அளப்பது மைல்கல் அல்ல, வாவி. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) கடப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்று எழும்பினால் பாதை நிற்கும், அன்று அக்கரை அலுவல் இல்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைக்காரருக்குப் பட்டினமும் ஆஸ்பத்திரியும் ஒரே நாளில் கிட்டவாகின. எந்த எல்லையும் மாறவில்லை. சில இடத்தில் கேட்க வேண்டியது பிரதேசம் அல்ல, பாலம்.

இந்த வழியில் பிழைக்கும் இடம் இரண்டு. ஒன்று, ஜீ.எஸ். எல்லை விபரம். பழைய விபரத்தில் "வடக்கே ஒழுங்கை, மேற்கே வாவி" என்று இருக்கும். ஒழுங்கை வீதியாகி வளைந்துவிட்டது, வாவிக்கரை நிரம்பி வீடு வந்துவிட்டது. வாசல் ஒரு பிரிவிலும் கிணற்றடி இன்னொரு பிரிவிலும் இருக்கும் வளவுகள் உண்டு. வாக்காளர் இடாப்பு வாசலைப் பார்க்கும். காணிக் கோவை வளவைப் பார்க்கும். மாற்றத்துக்கு முன் அப்படிப்பட்ட வளவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடாவிட்டால், வெள்ளம் வந்து நிவாரணப் பெயர் எழுதும் நாளில் இரண்டு ஜீ.எஸ்ஸும் கையை விரிப்பார்கள்.

மற்றது வயல். குடியிருப்பு மாறினாலும் வட்டை (வயல்வெளி) மாறாது. பசளை மானியம், வயற்காணி இடாப்பு எல்லாம் கமநல சேவை நிலையத்தின் பிரிவுப்படி. அந்த எல்லை வேறு. வயல் அலுவல் பார்க்கும் வட்டவிதானைக்கும் குளத்துத் தண்ணீருக்கும் ஊர் எந்த டீ.எஸ். (பிரதேச செயலாளர்) பிரிவு என்பது கணக்கே இல்லை. இதை விவசாயிகளுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், "எங்கட வயலையும் கொண்டுபோகப் போறாங்கள்" என்று ஒரு கதை எழும்பும், பிறகு கையெழுத்து வாங்கவே முடியாது.

மாவட்டம் தாண்டும் மாற்றத்தை மட்டும் எண்ணவே வேண்டாம். துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம். அதற்குப் போகும் வீதி பிரிவது அம்பாறை மாவட்டப் பெரியநீலாவணையில். பார்த்தால் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும் போல இருக்கும். ஆனால் அரசியலமைப்பின் 5 ஆம் உறுப்புரை 25 மாவட்டங்களையும் அட்டவணையில் வைத்திருக்கிறது. மாவட்டங்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் பாராளுமன்றத் தீர்மானம் வேண்டும். 1961 இல் மட்டக்களப்பின் தென்பாதி அம்பாறை மாவட்டமானபோது விழுந்த கோடு அது. அதைத் தொட்டால் தேர்தல் மாவட்டமும் அசையும், கூடவே எல்லாருடைய பயமும் எழும்பும்.

இருக்கும் இடத்தில் இருந்தபடி

செயலகத்தின் அல்ல, சபையின் உப அலுவலகத்தைப் பலப்படுத்துவது நான்காம் வழி. பிரதேச சபைகளின் உப அலுவலகங்களில் வரி கட்டலாம், முறைப்பாடு கொடுக்கலாம். அதற்கு ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை வாரத்துக்கு இரண்டு நாள் அனுப்பி, கட்டட விண்ணப்பத்தை அங்கேயே ஏற்கச் செய்து, ஒரு குப்பை மெசினை அங்கேயே நிறுத்திவிட்டால் குறையில் பாதி தீரும். இதற்கு வர்த்தமானி வேண்டாம், சபைத் தீர்மானமும் பாதீட்டில் ஒரு வரியும் போதும். சபையின் குழுக்களில், முக்கியமாக நிதிக் குழுவிலும் தொழில்நுட்ப சேவைகள் குழுவிலும், ஊரின் உறுப்பினர் இருக்கிறாரா என்று பாருங்கள். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் கட்சிப் பட்டியலாலும் வருகிறார்கள். பட்டியல் ஆசனத்தில் ஊரவரைக் கேட்டுப் பெறுவது தனிச் சபையைவிட எவ்வளவோ இலகு. பலவீனமும் தெரிந்ததே: அடுத்த தவிசாளர் வந்தால் அந்த மெசின் திரும்பிப் போகலாம்.

நிலத்தொடர்பற்ற அலகு என்றும் ஒரு யோசனை எங்கள் பக்கம் நெடுநாளாக உண்டு. பாண்டிச்சேரியைக் காட்டுவார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்று நான்கு துண்டும் தனித்தனியே கிடந்தும் 1963 இன் சட்டத்தின்கீழ் ஒரே ஆட்சி. அங்கே அது நடப்பது 30 தெரிவு உறுப்பினர் கொண்ட சட்டசபையும் மத்திய அரசின் நிதியும் இருப்பதால். செயலகத்துக்கு இது ஓரளவு பொருந்தும். கோவையும் உத்தியோகத்தரும் பிறர் எல்லைக்குள்ளால் போய் வரலாம். சபைக்குப் பொருந்தாது. வடிகான் அடுத்த சபையின் எல்லையில் முடிந்தால் மழைத் தண்ணீர் அங்கேயே நிற்கும்.

எங்கள் முடிவு இது. சந்தையோ கடைத்தெருவோ எல்லைக்குள் இல்லாத ஊர் தனிச் சபை கேட்க வேண்டாம். காணியே தலையிடி என்றால் செயலகத்தைக் கேளுங்கள், கணக்காளரோடு. இரண்டு மூன்று பிரிவு மட்டும் என்றால் பக்கத்துப் பிரிவை யோசியுங்கள். நகரம் உள்ள ஊர் சபை கேட்கலாம், ஆனால் மீதி நிலம் எப்படிப் பிரியும் என்ற முழு வரைபடத்தோடு. எதைக் கேட்டாலும் பக்கத்து ஊரின் கடிதத்தையும் கோவையில் வைக்கப் பாருங்கள். அது இல்லாத கோவை நீதிமன்றத்தில் போய் நின்றதும், அதனால் தேர்தலே நின்றதும் இந்தக் கரையில் நடந்தவை. 2025 மே 6 இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது கல்முனை மாநகரம் வழக்கினால் வாக்களிக்கவில்லை.

கோவைக்குள் ஜீ.எஸ். பிரிவுகளின் பெயரும் இலக்கமும், நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தில் கீறிய எல்லை, பிரிவுவாரியாகக் குடும்ப எண்ணிக்கை, எல்லை வளவுகளின் பட்டியல், கொப்பிக் கணக்கு ஆகியவை இருக்கட்டும். சபை என்றால் காலத்தையும் பாருங்கள். புதுச் சபை வழக்கமாக நடப்புச் சபையின் காலம் முடியும்போதுதான் நடைமுறைக்கு வரும். சாய்ந்தமருது வர்த்தமானியும் 2022 மார்ச்சைத்தான் குறித்திருந்தது. இப்போதைய சபைகள் 2025 யூன் 2 இல் தொடங்கின, நான்கு வருடம். வட்டாரம் பிரிக்கவும் ஆட்சேபம் கேட்கவும் எடுக்கும் மாதங்களைக் கழித்தால், 2029 க்குக் கேட்பவர்கள் கொப்பியை இந்தப் போகத்திலேயே தொடங்க வேண்டும்.